கறுப்பு ஒயர்தான் பிளஸ்: தொலைத்தொடர்பு ரேடியோக்களின் டி.சி. மின்சாரமும் எர்த்தும்

செல்போன் கோபுரத்தின் அடியில் நிற்கும் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தால், ரேடியோவுக்குப் போகும் மின் ஒயர்கள் பெரும்பாலும் இரண்டு நிறத்தில் இருக்கும். ஒன்று நீலம், மற்றது கறுப்பு. கார், பைக், வீட்டு இன்வெர்ட்டர் என்று எதில் கை பழகியவராக இருந்தாலும் கறுப்பைக் கண்டதும் மைனஸ் என்றுதான் மனம் சொல்லும். இங்கே அது பிளஸ். நீலம்தான் மைனஸ். கறுப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து வருகிறது. அந்த முனையோ எர்த் பட்டையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. மல்டிமீட்டரின் கறுப்பு புரோபை எர்த் பட்டையிலும் சிவப்பு புரோபை நீல ஒயரின் முனையிலும் வைத்தால், திரையில் மைனஸ் குறியோடு 54 வோல்ட் என்று வரும்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் வேலை செய்யும்போது இரண்டு விதமாகக் கருவி எரிகிறது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து எரிவது ஒன்று. அது கவனக்குறைவு, கற்றுக்கொண்டால் திருந்திவிடும். இரண்டாவது வகைதான் மனதை உறுத்துவது. பிளஸ் மைனஸ் சரி, வோல்ட் சரி, ரேடியோ உயிர்பெற்று விளக்கும் எரிகிறது. பிறகு ஆன்டெனா கேபிளைக் கொண்டுவந்து கனெக்டரில் வைத்துத் திருகும் நொடியில் தீப்பொறி பறக்கிறது, உள்ளே புகைகிறது. பொருத்தியவர் தமக்குத் தெரிந்தவரை ஒரு தவறும் செய்யவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்த விஷயத்தை மையமாக வைத்தே இந்தப் பிரச்சினை முழுவதையும் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு ரேடியோவைக் கையில் எடுப்பவர் "எத்தனை வோல்ட்?", "பிளஸ் எது?" என்று கேட்கிறார். அவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இதன் உடம்பு, அதாவது அந்த உலோகப் பெட்டி, எந்த முனையோடு சேர்ந்திருக்கிறது?

இந்த ஏற்பாட்டை மைனஸ் 48 வோல்ட் என்று அழைப்பார்கள்; மீட்டரில் 54 ஏன் தெரிகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் மைனஸ் 48 வோல்ட் என்று தனியாக ஒரு மின்சாரம் கிடையாது. கிணற்றில் 54 அடி ஆழத்தில் தண்ணீர் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். தரையைப் பூஜ்யம் என்று எடுத்தால் நீர்மட்டம் மைனஸ் 54. நீர்மட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்தால் தரை பிளஸ் 54. எப்படி எடுத்தாலும் வாளிக் கயிற்றின் நீளம் ஒன்றுதான். ரேடியோவுக்குள் இருக்கும் மின்சுற்றுக்கு வேண்டியது அந்தக் கயிற்றின் நீளம். தரை எங்கே என்று அதற்கு அக்கறையில்லை. ஆனால் ரேடியோவின் பெட்டிக்கு அக்கறை உண்டு. பெட்டி டவரில் இறுக்கப்படுகிறது, டவர் மண்ணில் நிற்கிறது, ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னல் டவரைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறது. தரை எங்கே என்ற கேள்வியை நாம் கேட்காவிட்டாலும் இரும்பு கேட்டுவிடும்.

அப்படியென்றால் எதற்காகத் தொலைபேசிக்காரர்கள் பிளஸ்ஸை மண்ணோடு சேர்த்தார்கள்? இன்று மற்றவர்கள் பெரும்பாலும் மைனஸைப் பெட்டியோடு சேர்க்கும்போது இவர்கள் மட்டும் ஏன் எதிர்த்திசையில் போனார்கள்? பதில் வேதியியலில் இருக்கிறது. தொலைபேசி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார். மரக்கப்பல்களின் அடிப்பகுதியைப் புழு அரிக்காமலும் சிப்பி ஒட்டாமலும் காக்கச் செம்புத் தகடு போர்த்துவார்கள். கடல்நீரில் அந்தச் செம்பு அரித்துக்கொண்டே போனது. செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ தொட வைத்தால், அந்த மலிவான உலோகம் தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று டேவி கண்டார். கொச்சியில் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய சமராங் என்ற போர்க்கப்பலில் இது முழு அளவில் செய்துபார்க்கப்பட்டது. செம்பு அரிப்பது நின்றது. ஆனால் கரையாத செம்பில் சிப்பிகள் தாராளமாக ஒட்டிக்கொண்டதால் கப்பலின் வேகம் குறைய, கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. கப்பலுக்கு உதவாமல் போன கண்டுபிடிப்பு, மண்ணுக்கடியில் உலோகத்தைப் புதைத்தவர்களுக்குப் பின்னால் பெரிதும் கைகொடுத்தது.

அதன் சாரம் இதுதான். ஈரமான மண்ணில் கிடக்கும் உலோகத்திலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் வெளியேறினால், வெளியேறும் இடத்தில் உலோகம் கரையும். மண்ணிலிருந்து உலோகத்துக்குள் மின்னோட்டம் நுழைந்தால் அந்த இடம் கரையாது. ஃபாரடேயின் விதியைக் கொண்டு இதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு ஆம்பியர் ஒரு வருடம் முழுக்க வெளியேறினால் சுமார் 10.4 கிலோ செம்பு கரையும். ஈயமென்றால் ஏறக்குறைய 34 கிலோ. தொலைபேசிக் கேபிளில் ஓடும் அரை மில்லிமீட்டர் செம்புக்கம்பி மீட்டருக்கு 1.8 கிராம்கூட இருக்காது. கேபிளின் ஓட்டை ஒன்றில் வெறும் ஒரு மில்லி ஆம்பியர் கசிந்து வெளியேறினாலும் வருடத்துக்குப் பத்து கிராம் செம்பு போகும், அதாவது கிட்டத்தட்ட ஆறு மீட்டர் கம்பியின் எடை. கம்பி அறுந்துபோக ஆறு மீட்டர் கரையவேண்டியதில்லை. ஒரு புள்ளி போதும்.

இப்போது பேட்டரியின் பிளஸ் முனையை மண்ணோடு சேர்த்துவிட்டால், எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் கம்பிகள் எல்லாம் மண்ணைவிடத் தாழ்ந்த மின்னழுத்தத்தில், மைனஸில் இருக்கும். மழைக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து காப்பு ஊறிப்போனாலும் கசிவு மண்ணிலிருந்து கம்பிக்குள்தான் வரும். கம்பி பிழைத்துக்கொள்ளும். எங்கோ ஓரிடத்தில் மின்னோட்டம் மண்ணுக்குள் வெளியேறத்தான் வேண்டும். அந்த இடம் எக்ஸ்சேஞ்சின் எர்த் தகடு. அது தடிமனானது, எங்கே இருக்கிறது என்று தெரியும், தேய்ந்தால் மாற்றலாம். ஊர் முழுக்க மண்ணுக்கடியில் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகளுக்குப் பதிலாக ஒரு தடித்த தகட்டைக் காவு கொடுக்கிறார்கள். ரிலே சுருள்களுக்கும் இதே நன்மை உண்டு. தலைமுடிபோன்ற கம்பியைச் சுற்றிய சுருள், எர்த் ஆன இரும்புச் சட்டத்தைவிட மைனஸில் இருந்தால், ஈரப்பதத்தில் சுருள் அரித்து அறுவது குறையும்.

1890களில் மின்சார டிராம்கள் ஊருக்கு ஊர் ஓடத் தொடங்கியதும் இந்தப் பாடம் வலியோடு உறைத்தது. டிராமின் மின்னோட்டம் தண்டவாளம் வழியே மின்நிலையத்துக்குத் திரும்பவேண்டும். ஆனால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து, வழியில் கிடக்கும் தண்ணீர்க் குழாயிலும் தொலைபேசிக் கேபிளின் ஈய உறையிலும் ஏறிக்கொண்டு, மின்நிலையம் நெருங்கும்போது அவற்றை விட்டு வெளியேறும். வெளியேறிய இடங்களில் ஈயம் தின்னப்பட்டது. பாஸ்டன் போன்ற நகரங்களில் இதை ஆராய்ந்த தொலைபேசிப் பொறியாளர்கள், ஈய உறையையே தடித்த செம்புக்கம்பியால் மின்நிலையத்தின் மைனஸ் பட்டையோடு சேர்த்துவிட்டால், மின்னோட்டம் மண் வழியே வெளியேறாமல் கம்பி வழியே போய்விடும் என்று கண்டார்கள். மின்னோட்டம் எந்தத் திசையில் போகிறது என்பது சுவிட்சுக்கும் பல்புக்கும் முக்கியமில்லை. மண்ணில் கிடக்கும் உலோகத்துக்கு அதுதான் ஆயுள்.

48 என்ற எண்ணுக்கு இவ்வளவு நீண்ட கதை இல்லை. ஈய அமில பேட்டரியின் ஒரு அறை 2 வோல்ட். 24 அறைகளைத் தொடராகச் சேர்த்தால் 48. பல கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியில் போதிய மின்னோட்டத்தைத் தள்ள அந்த அழுத்தம் தேவைப்பட்டது; கை பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லாத அளவிலும் இருந்தது. இன்று பாதுகாப்புத் தரங்கள் டி.சி.க்கு 60 வோல்ட்டைத் தாழ்ந்த அழுத்தத்தின் எல்லையாக வைத்திருப்பதும் இதற்கு ஒத்துவருகிறது. சார்ஜில் இருக்கும்போது ஒவ்வொரு அறையும் 2.25 வோல்ட்டில் மிதக்கும், ஆகவேதான் மீட்டரில் 54 தெரிகிறது. பிரிட்டனில் இதை 50 வோல்ட் என்றே சொல்லி வந்தார்கள். 1948இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை செய்த ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சுகளும் இந்தப் பிளஸ் எர்த் மரபில் வந்தவைதான். கருவிகள் எந்த அளவுக்குள் ஒழுங்காக ஓடவேண்டும் என்பதை ஐரோப்பியத் தர நிர்ணய அமைப்பான எட்சியின் இ.என். 300 132-2 வரையறுக்கிறது: மைனஸ் 40.5 முதல் மைனஸ் 57 வோல்ட் வரை.

ரேடியோக்காரர்கள் வேறு வழியில் வந்தவர்கள். அவர்களுடைய கருவி முதலில் காரில் ஏறியது, போலீஸ் ஜீப்பில் ஏறியது, படகில் ஏறியது. கார்களிலும் ஒருகாலத்தில் இரண்டு மரபு இருந்தது. பிரிட்டிஷ் கார்கள் பல 1960கள் வரை பிளஸ்ஸைத்தான் பாடியோடு சேர்த்தன. டிரான்சிஸ்டர் வந்தபின் மைனஸ் எர்த் வென்றது. இன்றைய வாகன வயர்லெஸ் செட் எதை எடுத்தாலும் 13.8 வோல்ட், மைனஸ் எர்த். அதாவது மைனஸ் ஒயர், பெட்டி, ஆன்டெனா கனெக்டரின் வெளிக்கூடு எல்லாம் உள்ளே ஒரே உலோகம். முதல் தலைமுறை செல்போன் நிலையங்கள் பலவும் இந்த ரேடியோ மரபைப் பின்பற்றி, மைனஸை எர்த் செய்த பிளஸ் 24 வோல்ட்டில் ஓடின. அவற்றின் பக்கத்திலேயே நின்ற மைக்ரோவேவ் கருவிகள் தொலைபேசி மரபில் மைனஸ் 48இல் ஓடின. ஒரே அறையில் இரண்டு குலவழக்கம்.

மலைமேல் ஒரு நிலையத்தை மனதில் கொள்வோம். மைனஸ் 48 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அங்கே ஒரு 13.8 வோல்ட் வயர்லெஸ் ரிப்பீட்டர் வைக்கவேண்டும். கடையில் கிடைக்கும் 48-க்கு-12 கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வருகிறார்கள். விலை குறைந்த வகைகள் பெரும்பாலும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு இல்லாதவை. உள்வரும் மைனஸும் வெளிவரும் மைனஸும் ஒரே கம்பி. கன்வெர்ட்டருக்கு நீலத்தையும் கறுப்பையும் முறைப்படி கொடுக்கிறார்கள். வெளியே 13.8 வருகிறது. ரேடியோவை மாட்டுகிறார்கள், பேசுகிறது. மர மேசைமேல் இருக்கும்வரை எந்தச் சிக்கலும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் ரேடியோவின் பெட்டி மண்ணிலிருந்து 54 வோல்ட் கீழே நிற்கிறது. ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னலோ டவரோடு சேர்ந்து பூஜ்யத்தில் இருக்கிறது. இரண்டும் தொட்டவுடன் பேட்டரியின் மைனஸ், கன்வெர்ட்டர், ரேடியோவின் பெட்டி, கோஆக்ஸ் பின்னல், டவர், எர்த் பட்டை, பேட்டரியின் பிளஸ் என்று ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. நடுவில் எந்தச் சுமையும் இல்லை. பெரிய பேட்டரி வரிசை ஒன்று ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் தள்ளும். ஃபியூஸ் போவதற்கு முன்னால் எது மெல்லியதோ அது போகும். பெரும்பாலும் அது ரேடியோவுக்குள் இருக்கும் அச்சுப்பலகையின் செம்புக் கோடு.

இதைத் தவிர்க்கப் பெட்டிக்கு அடியில் மரப்பலகை வைப்பவர்கள் உண்டு. ஆன்டெனா கேபிள் ஒன்று இருக்கும்வரை மரப்பலகை எதையும் காப்பாற்றாது. தீர்வு ஒன்றுதான்: உள்வரவும் வெளிவரவும் மின்தொடர்பே இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட கன்வெர்ட்டர். அதன் வெளிப்பக்கம் எதனோடும் ஒட்டாமல் மிதக்கும். அந்த மைனஸை நாமே எர்த் பட்டையோடு சேர்க்கலாம். பிறகு ஒரே எர்த் பட்டையிலிருந்து பேட்டரி 54 வோல்ட் கீழே தொங்கும், ரேடியோவின் சப்ளை 13.8 வோல்ட் மேலே நிற்கும், இரண்டுக்கும் சண்டையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த அலமாரிக்குள் நீல ஒயருக்கும் ரேடியோவின் சிவப்பு ஒயருக்கும் நடுவே இப்போது கிட்டத்தட்ட 68 வோல்ட் இருக்கிறது, அதாவது அறுபது என்ற எல்லையைத் தாண்டிவிட்டோம். இரண்டையும் ஒரே டெர்மினல் வரிசையில் மூடியில்லாமல் விடக்கூடாது.

பெட்டியின் குலம் என்ன என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். ரேடியோவை எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஆன்டெனா கனெக்டரின் வெளிக்கூட்டுக்கும் மின் முனைகள் ஒவ்வொன்றுக்கும் இடையே அளக்கவேண்டும். மைனஸ் முனையில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் மைனஸ் எர்த். பிளஸ்ஸில் பூஜ்யமென்றால் பிளஸ் எர்த். இரண்டிலும் மெகா ஓம் காட்டினால் உள்ளே பிரிக்கப்பட்ட கருவி, எந்த மரபுக்கும் பொருந்தும். அளக்கும்போது இரண்டு விஷயங்கள் ஏமாற்றும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் நிறையும்வரை எண் ஏறிக்கொண்டே போகும், பொறுத்திருக்க வேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் டயோடு இருந்தால் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் வேறும் காட்டும். புரோப்களை மாற்றி வைத்து இன்னொரு முறை அளந்தால்தான் உண்மை தெரியும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் புதிய கருவியை மேலே ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. கருவியோடு வரும் கையேட்டில் "48 வோல்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதிச் செய்திதான்.

ஃபியூஸ் எந்த ஒயரில் இருக்கவேண்டும் என்பதும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. எர்த் ஆன ஒயரில் ஃபியூஸ் போடக்கூடாது, எர்த் ஆகாத ஒயரில்தான் போடவேண்டும். மைனஸ் 48இல் பிரேக்கர் மைனஸில், அந்த நீலத்தில். கார் பழக்கத்தில் பிளஸ்ஸில் ஃபியூஸ் போட்டால் என்ன ஆகும்? கறுப்பில் இருக்கும் ஃபியூஸ் போனாலும் பெட்டியும் பின்னலும் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் மின்னோட்டம் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். ஃபியூஸ் போயும் நெருப்பு நிற்காது. ஏ.சி.க்கு மட்டும் என்று குறிப்பிட்ட பிரேக்கர்களையும் இங்கே தவிர்க்கவேண்டும். டி.சி. பூஜ்யத்தைத் தொடாமல் ஒரே சீராக ஓடுவதால், பிரியும் முனைகளுக்கு நடுவே எழும் தீப்பொறி தானாக அணையாது.

இணையக் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. வந்தபின் இந்தச் சிக்கல் சிறு ரேடியோக்களுக்கும் பரவிவிட்டது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் மின்பிரிப்பைக் கட்டாயமாக்கியதால் அதன்படி செய்த கருவிகளில் தொல்லை குறைவு. மலிவான பாசிவ் வகைகளில் அப்படியில்லை. கவசமுள்ள கேபிளின் உலோக உறை பல இடங்களில் மைனஸோடு சேர்ந்திருக்கும். அதை மைனஸ் 48 பேட்டரியில் மாட்டினால் ரிப்பீட்டர் கதையேதான் இங்கும். சோலார் நிலையங்களில் சார்ஜ் கன்ட்ரோலரையும் பார்த்துக்கொள்ளவேண்டும். எளிய பி.டபிள்யூ.எம். வகைகளில் பல பிளஸ்ஸைப் பொதுவாக வைத்தவை, எம்.பி.பி.டி. வகைகளில் பல மைனஸைப் பொதுவாக வைத்தவை. பேனலும் பேட்டரியும் வெவ்வேறு முனையில் எர்த் ஆனால் கன்ட்ரோலர் தாங்காது.

இனி எர்த்துக்கு வருவோம். எர்த் என்ற ஒரு சொல்லை நாம் மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். பூஜ்யம் எங்கே என்று குறிப்பது ஒன்று. பெட்டியில் மின்சாரம் கசிந்தால் மனிதரைக் காப்பது இரண்டு. இடியை இறக்குவது மூன்று. மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை இந்தப் பட்டியலில் இல்லை. அது கறுப்பு ஒயருடையது. ஆனால் கறுப்பு ஒயரும் எர்த்தும் பேட்டரி அறையில் ஒன்றாகச் சேர்வதால், வேறு எங்கே சேர்த்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. அலமாரியில் ஒரு முறை, ரேடியோவுக்குள் ஒரு முறை, டவர் மேலே ஒரு முறை என்று சேர்ந்துவிட்டால், திரும்பும் மின்னோட்டம் ஓம் விதிப்படி எல்லா வழிகளிலும் பங்கிட்டுக்கொண்டு ஓடும். எர்த் ஒயரில், அலமாரிச் சட்டத்தில், கோஆக்ஸ் பின்னலில். டேட்டா கேபிளில் இரைச்சல் வரும். போல்ட் தளர்ந்த இடத்தில் சூடேறும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்ட மூட்டுகள் அரிக்கும்.

எட்சியின் தரங்கள் இதில் இரண்டு வழிகளை அனுமதிக்கின்றன. திரும்பு ஒயரை எர்த் வலையோடு பல இடங்களில் சேர்த்துப் பொதுவாக வைப்பது ஒன்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேர்த்து மற்ற எல்லா இடத்திலும் தனித்து வைப்பது மற்றொன்று. கட்டடத்துக்குள் எர்த் வலையை எப்படிப் பின்னவேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கே.27 பரிந்துரை சொல்கிறது. முதல் வழிக்கும் நியாயம் உண்டு. தடித்த செம்புப் பட்டைகளால் அடர்ந்த வலை பின்னிய பெரிய எக்ஸ்சேஞ்சில் அது நன்றாகவே வேலை செய்யும். டவர் நிலையத்துக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம் என்பது என் கட்சி. அங்கே எர்த் வலை என்பது ஒரு பட்டையும் நான்கு ஒயர்களும்தான். மேலே ஏறும் கறுப்பு ஒயருக்கு இணையாக ஐம்பது மீட்டர் டவரே நிற்கிறது.

ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பது எளிது. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி.யை மட்டும்தான் காட்டும். நீலத்தையும் கறுப்பையும் சேர்த்து ஒரே வாய்க்குள் கவ்வினால் பூஜ்யம் காட்டவேண்டும், ஏனென்றால் போனது அவ்வளவும் திரும்பி வருகிறது. இரண்டு ஆம்பியர் காட்டினால், அந்த இரண்டு ஆம்பியர் நாம் போடாத ஒரு வழியில் திரும்புகிறது என்று பொருள். அது எது என்று தேடிப் பிடிக்கும்வரை வேலை முடியவில்லை.

ஐ.டி.யூ., ஓ.டி.யூ. என்று இரண்டாகப் பிரித்த மைக்ரோவேவ் ரேடியோக்களில் ஓர் அழகு இருக்கிறது. கீழிருக்கும் பெட்டியிலிருந்து மேலிருக்கும் பெட்டிக்கு ஒரே கோஆக்ஸில் சிக்னலும் மின்சாரமும் போகின்றன. பொதுவாக நடுக்கம்பி மைனஸ் 48, வெளிப்பின்னல் திரும்பு வழி. இங்கே கோஆக்ஸ் பின்னல் திட்டமிட்டே மின்னோட்டத்தைச் சுமக்கிறது என்பதை மறக்கக்கூடாது. கிளாம்ப் மீட்டர் சோதனையிலும் அதைக் கணக்கில் கொள்ளவேண்டும். மழைநீர் கனெக்டருக்குள் புகுந்துவிட்டால் டேவியின் வேதியியல் அங்கேயும் வேலை செய்கிறது. மைனஸில் இருக்கும் மெல்லிய நடுமுள் தப்பிக்கும், தடித்த வெளிக்கூடு கரையும். தப்பிக்கும் என்பதற்காக நீர்புகா டேப்பைச் சுற்றாமல் விடக்கூடாது என்பது வேறு விஷயம்.

இடி விஷயத்தில்தான் நம் ஊரில் தவறான நம்பிக்கைகள் அதிகம். எர்த் பிட் தோண்டுகிறோம், கரியும் உப்பும் போடுகிறோம், கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோம், ஓம் அளந்து ஐந்துக்குக் கீழே வந்ததும் நிம்மதியடைகிறோம். குறைந்த ஓம் நல்லதுதான். அதற்கான முறைகளை ஐ.எஸ். 3043 விரிவாகத் தருகிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேகத்திலிருந்து இறங்கும் முதல் இடியின் மின்னோட்டம் நடுத்தரமாக 30,000 ஆம்பியர். ஐந்து ஓம் எர்த்தில் அது பாய்ந்தால் டவரின் அடி 1,50,000 வோல்ட் உயரும். ஒரு ஓமாகக் குறைத்தாலும் 30,000 வோல்ட். எந்தக் கருவியும் இதைத் தாங்காது. அப்படியிருந்தும் நன்றாக எர்த் செய்த நிலையங்கள் இடியைத் தாங்குகின்றன என்றால், காப்பாற்றுவது ஓம் எண் அல்ல. டவர், அலமாரி, பேட்டரி, கோஆக்ஸ், மெயின் லைன், எல்லாம் ஒன்றாகப் பிணைந்து ஒன்றாகவே உயர்ந்து ஒன்றாகவே இறங்குவதுதான் காப்பாற்றுகிறது. வெள்ளத்தில் மிதக்கும் படகில் எல்லாரும் ஒன்றாக உயர்வதுபோல.

ஆகவே "எலக்ட்ரானிக்ஸுக்குத் தனி எர்த், டவருக்குத் தனி எர்த்" என்று இரண்டு குழி தோண்டி அவற்றைச் சேர்க்காமல் விடுவதை நான் மிகக் கடுமையாக எதிர்ப்பேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், இடியின் அழுக்கு கருவிக்கு வரவேண்டாமென்று. நடப்பது நேர்மாறு. இடி விழும்போது டவரின் குழி லட்சம் வோல்ட் உயர, கருவியின் குழி தரையிலேயே நிற்கும். இரண்டையும் இணைப்பது நம் ரேடியோ ஒன்றுதான். அந்த லட்சம் வோல்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் கடக்கும். எத்தனை குழி தோண்டினாலும் மண்ணுக்கடியில் தடித்த பட்டையால் அவற்றைச் சேர்த்துவிடவேண்டும். டவரைச் சுற்றியும் அறையைச் சுற்றியும் ஒரு வளையம் ஓடினால் இன்னும் நல்லது. பாறை மலைகளில் ஓம் எவ்வளவு முயன்றாலும் குறையாது. அங்கே அந்த வளையம்தான் காக்கும்.

ஒயரின் நீளமும் வளைவும் இதே காரணத்தால் முக்கியம். நேரான ஒயருக்கும் மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டம் உண்டு. மின்னோட்டம் மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட் விழும். எர்த் ஒயர் அழகாகச் சுருட்டி டேக் போட்டுக் கட்டப்பட்டிருப்பதை அடிக்கடி காணலாம். அந்தச் சுருளில் இடி நுழைய மறுத்து வேறு வழி தேடும். குட்டையாக, நேராக, கீழ்நோக்கி. ஆன்டெனா கேபிளின் பின்னலை மேலே, டவரை விட்டுத் திரும்பும் இடத்துக்கு முன்னால், அறைக்குள் நுழையும் இடத்தில் என்று எர்த் கிட் போட்டுச் சேர்ப்பதும் இடியின் பெரும்பங்கைக் கருவிக்கு முன்பே பிரித்துவிடத்தான். ரேடியோவை டவர் உச்சிக்கே ஏற்றிவிட்ட இன்றைய நிலையங்களுக்கென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கே.97 என்ற தனிப் பரிந்துரையே இருக்கிறது, ஏனென்றால் இப்போது மேலே ஏறுவது கோஆக்ஸ் இல்லை, மைனஸ் 48 ஒயரே.

அந்த ஒயரின் தடிமனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஐம்பது மீட்டர் உயரத்தில் 600 வாட் இழுக்கும் ரேடியோவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருக்கிறோம். போக வர நூறு மீட்டர், தடை 0.183 ஓம். கரன்ட் இருக்கும்போது பிரச்சினையே இல்லை. கரன்ட் போய் பேட்டரி 43.2 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், அதே 600 வாட்டுக்காக ரேடியோ அதிக ஆம்பியர் இழுக்கும், சுமார் 14.8. ஒயரில் 2.7 வோல்ட் போய்விட, மேலே 40.5 மட்டுமே மிஞ்சும். எட்சி சொன்ன கீழ் எல்லையில் சரியாக நிற்கிறோம். நம் வெயிலில் ஒயர் சூடாகி அதன் தடை பத்துச் சதவீதத்துக்கு மேல் கூடும்போது எல்லைக்குக் கீழே போய்விடுவோம். பேட்டரியில் உயிர் இருக்கும்போதே ரேடியோ அணைந்துவிட்டது என்று வரும் புகார்களில் இதையும் தேடிப் பார்க்கவேண்டும்.

செம்புக் கேபிள்கள் மறைந்து ஃபைபர் வந்துவிட்ட பிறகு பிளஸ் எர்த் எதற்கு என்று கேட்பது நியாயமே. எந்த வேதியியல் காரணத்துக்காக அது பிறந்ததோ அதில் பெரும்பகுதி இன்று இல்லை. தரவு மையங்களுக்கு 400 வோல்ட் வரையிலான உயர் டி.சி. முறையும் அதே ஒன்றியத்தின் எல்.1200 என்ற தரமாக வந்துவிட்டது. ஆனால் டவர்களில் மாற்றம் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உலகெங்கும் நிற்கும் ரெக்டிஃபையர்களும் பிரேக்கர்களும் ரேடியோக்களும் இந்த ஒரே மரபில் இருப்பதுதான் அதன் இன்றைய பலம். ஒரு நிலையத்தில் மட்டும் மாற்றுவது, அங்கே அடுத்து வருபவருக்கு வெடிமருந்து வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

அடுத்து வருபவர் பெரும்பாலும் பழைய ரேடியோவைக் கழற்றத்தான் வருவார். அவர் முதலில் பிரேக்கரை அணைத்து நீல ஒயரைக் கழற்றவேண்டும், பிறகு கறுப்பு, பிறகு ஆன்டெனா கேபிள், எல்லாம் முடிந்தபின் பச்சை மஞ்சள் எர்த் ஒயர். புதியதை மாட்டும்போது வரிசை தலைகீழாகும், எர்த் முதலில், நீலம் கடைசியில். பிரேக்கரை அணைக்க மறந்து, கார் பழக்கத்தில் கறுப்பை மைனஸ் என்று எண்ணி அதையே முதலில் கழற்றிவிட்டால், சில ரேடியோக்கள் அணையவே அணையாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த ஆம்பியர்கள் எல்லாம் அப்போது எர்த் ஒயரிலும் கோஆக்ஸ் பின்னலிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையில் கனெக்டரைத் திருகக் கை நீட்டக்கூடாது. இறங்கி வந்து பிரேக்கரைத் தேடவேண்டும்.